கூரையும் வாக்கும்: ஸ்பிட்டல்பீல்ட்ஸ் வட்டாரத்தின் தேர்தல் கதை

கிழக்கு லண்டனில் பிரிக் லேனும் போர்னியர் வீதியும் சந்திக்கும் மூலையில் பழைய செங்கற் கட்டடம் ஒன்று நிற்கிறது. பிரான்சில் மதத்தின் பேரால் துரத்தப்பட்டு வந்த ஹியூகெனோக்கள் 1743இல் அதைத் தேவாலயமாகக் கட்டினார்கள். அந்த ஆண்டைத் தாங்கிய சூரியக் கடிகாரம் இன்னும் அதன் சுவரில் உண்டு. 1819இல் மெதடிஸ்தர்கள் வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் அதைத் தமது தொழுகைக்கூடமாக்கினார்கள். 1976இல் அது வங்காளி முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசலானது.

லண்டனைப் பற்றி எழுதும் எவரும் இந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போவதில்லை. நானும் போகவில்லை. ஆனால் கட்டடம் கைமாறிய கதையைச் சொல்கிறவர்கள், அதைச் சுற்றியிருந்த அறைகளின் கதையைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். வேதம் மாறியது, மொழி மாறியது. ஓர் அறைக்குள் ஒரு குடும்பம் முழுவதும் படுத்தெழும்பிய நிலை மட்டும் நூறாண்டுகளாக மாறவில்லை. இந்த வட்டாரத்து மக்கள் எதற்காகப் புள்ளடி போட்டார்கள் என்று கேட்பவர், பள்ளிவாசலைப் பார்ப்பதற்கு முன் அந்த அறைகளைப் பார்க்க வேண்டும் என்பதே எனது எண்ணம்.

வட்டாரம் என்ற சொல்லை நம்மில் ஒரு தலைமுறையினர் மறந்தே போனார்கள். 1979 முதல் இங்கு உள்ளூராட்சித் தேர்தல்கள் விகிதாசாரப் பட்டியல் முறையில் நடந்தன. 2018 பெப்ரவரியில்தான் வட்டாரம் மீண்டும் வாக்குச் சீட்டுக்கு வந்தது. அதற்கு முந்திய காலத்துப் புதுக்கடையையும் மாளிகாவத்தையையும் அறிந்த மூத்த வாசகர்களுக்கு, வட்டார உறுப்பினர் என்றால் யார் என்று விளக்கத் தேவையில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாருடைய வீட்டுக் கதவைத் தட்டுவதோ அவர்தான் உறுப்பினர். ஸ்பிட்டல்பீல்ட்ஸிலும் அப்படித்தான்.

1900இல் லண்டன் நகரம் புதிய பரோக்களாகப் பிரிக்கப்பட்டபோது ஸ்பிட்டல்பீல்ட்ஸ், ஸ்டெப்னி பரோவுக்குள் வந்தது. அப்போது அதன் தெருக்களில் இத்திஷ் மொழியே மேலோங்கியிருந்தது. ஆனால் அம்மொழி பேசிய பெரும்பாலோருக்கு வாக்கில்லை. ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த தையற்காரனும் சப்பாத்துத் தைப்பவனும் சட்டத்தின் பார்வையில் அந்நியர்கள். பிரித்தானியப் பிரஜாவுரிமை பெறும்வரை அவர்கள் வாடகை கொடுக்கலாம், வாக்குக் கொடுக்க முடியாது. அவர்களைப் பற்றித்தான் தேர்தல் நடந்தது, அவர்களிடம் நடக்கவில்லை. ஸ்டெப்னியின் பாராளுமன்ற உறுப்பினர் வில்லியம் எவன்ஸ் கோர்டன், குடிவரவைத் தடுப்பதையே தமது அரசியலாக்கினார். 1905இல் அந்நியர் சட்டம் நிறைவேறியது. வீட்டு நெருக்கடிக்குக் காரணம் வந்தேறிகளே என்பதுதான் அப்போது மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட வாதம். எழுபது ஆண்டுகளின் பின் அதே வாதம் அதே தெருவில் வேறொரு கூட்டத்தாரை நோக்கிச் சொல்லப்பட்டது.

1919இல் தொழிற்கட்சி ஸ்டெப்னி சபையைக் கைப்பற்றியது. கிளெமென்ட் அட்லீ என்ற வழக்கறிஞர் நகர பிதா ஆனார். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948இல் பிரித்தானியப் பிரதமராக இருந்த அதே அட்லீதான். அந்த வெற்றிக்குப் பின்னால் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளரும், அங்கேயே பிறந்ததால் வாக்குரிமை பெற்ற யூத இளைஞர்களும் இருந்தார்கள். ஆனால் கட்சி வேரூன்றியபின் அதற்குச் சோம்பலும் வந்தது. வேறு எங்கே போகப் போகிறார்கள் என்ற நினைப்பு ஆளும் கட்சிக்கு வந்துவிட்டால், அந்த வட்டாரம் எப்போதாவது ஒருநாள் வேறெங்கோ போய்விடும். ஸ்பிட்டல்பீல்ட்ஸ் முதலில் அப்படிப் போனது 1937இல்.

அதற்கு முந்திய ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி, ஒஸ்வல்ட் மோஸ்லியின் கறுப்புச் சட்டைக்காரர்களைக் கிழக்கு லண்டன் மக்கள் கேபிள் வீதியில் மறித்தது உலகறிந்த சம்பவம். பில் பிராட்டின் என்ற இளம் யூதக் கம்யூனிஸ்ட் அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர்களில் ஒருவர். ஆனால் அவரைச் சபைக்கு அனுப்பியது கேபிள் வீதி என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும். வீட்டுரிமையாளர்கள் கூரை ஒழுகினாலும் திருத்தாமல் வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. பிராட்டினும் தோழர்களும் வீடு வீடாகப் போய்க் குடியிருப்பாளர் குழுக்களை அமைத்தார்கள். பரகன் மேன்ஷன்ஸ் என்ற தொடர்மாடியில் இரு குடும்பங்களை வெளியேற்ற ஆட்கள் வந்தபோது, இவர்கள் வாயிலை அடைத்துத் தடுத்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் மோஸ்லியின் கட்சியில் அங்கத்தவர்களாக இருந்தவர்கள்! தமது கட்சி உதவிக்கு வராததையும் கம்யூனிஸ்டுகள் வந்ததையும் கண்டு அங்கத்துவ அட்டைகளைக் கிழித்துப் போட்டதாகப் பிராட்டின் பின்னர் எழுதிவைத்தார். சொந்தக் கட்சியின் பெருமையைச் சொல்லும் சாட்சியம் என்பதால் சற்றுக் கழித்தே வாசிக்க வேண்டும். என்றாலும் 1937 பரோத் தேர்தலில் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் அவரைத் தெரிவுசெய்தது மறுக்க முடியாத உண்மை. ஸ்டெப்னி சபைக்குள் நுழைந்த முதல் கம்யூனிஸ்ட் உறுப்பினர் அவர்தான். 1938இலும் 1939இலும் ஸ்டெப்னி குடியிருப்பாளர் பாதுகாப்புச் சங்கம் வாடகை மறுப்புப் போராட்டங்களை நடத்தியது. 1945இல் மைல் எண்ட் தொகுதி பிராட்டினைப் பாராளுமன்றத்துக்கே அனுப்பியது. 1950இல் தோற்றார். அதற்குள் அவருடைய வாக்காளர்களில் பலர் வசதி கண்டு வடக்குப் புறநகர்களுக்குப் போயிருந்தார்கள்.

அவர்கள் விட்டுப் போன அறைகளுக்குத்தான் சில்ஹெட்காரர்கள் வந்தார்கள்.

சில்ஹெட்டின் மக்கள் முதலில் லஸ்கர்களாக, கப்பலின் கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போடுகிறவர்களாக லண்டன் துறைக்கு அறிமுகமானவர்கள். போருக்குப் பின் தொழிலாளராக வந்தார்கள். 1962ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டமும் அதன் பின் வந்த சட்டங்களும் கதவை இறுக்க இறுக்க, போய்வரும் எண்ணம் கைவிடப்பட்டது. எழுபதுகளில் மனைவி மக்கள் வந்து சேர்ந்தார்கள். இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். யூதத் தையற்காரனுக்கு இல்லாத ஒன்று இவர்களுக்கு வந்திறங்கிய நாள் முதல் இருந்தது. பொதுநலவாய நாட்டுப் பிரஜைகள் பிரித்தானியாவில் வசித்தால் அங்கே வாக்களிக்கலாம். 1972இல் பங்களாதேஷ் பொதுநலவாயத்தில் சேர்ந்ததால் அந்த உரிமை தொடர்ந்தது. இலங்கைப் பிரஜைகளுக்கும் அது உண்டு. 1948இல் பிரித்தானியா தனது பிரஜாவுரிமைச் சட்டத்தில் குடியேற்ற நாட்டாரையும் தன்னவராக எண்ணியது. அதே 1948இல் இங்கே இயற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம், தலைமுறைகளாகத் தேயிலை பறித்த மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது.

ஆனால் உரிமை இருப்பது வேறு, அது பயன்படுவது வேறு. எழுபதுகளின் ஸ்பிட்டல்பீல்ட்ஸில் கட்சிகள் வங்காளியிடம் வாக்குக் கேட்டன. வேட்பாளராக அவனை நினைத்தும் பார்க்கவில்லை. சபை வீடுகளுக்கான காத்திருப்புப் பட்டியலில் அவன் பெயர் மேலேறவில்லை. ஏறினாலும் வெள்ளையர் மட்டும் வாழ்ந்த தூரத்துத் தொடர்மாடிகளில் வீடு கொடுக்கப்பட்டது. தபால் துவாரத்தின் வழியே மலமும் தீக்குச்சியும் வரும் வீட்டில் யார் பிள்ளைகளை வைத்திருப்பார்கள்? பலர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிரிக் லேனைச் சூழ வெறுமையாகக் கிடந்த கட்டடங்களைப் பூட்டுடைத்துக் குடியேறினார்கள். 1976இல் இந்தக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து வங்காளி வீடமைப்புச் செயற்குழுவை அமைத்தன. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘பாக்’ என்று வரும். வங்காளத்தில் புலி என்று பொருள். வூட்சியர் வீதியின் பெல்ஹாம் கட்டடம் அவர்களது கோட்டையானது. 1977இல் பெருநகர லண்டன் சபை இறங்கி வந்து, அத்துமீறிக் குடியிருந்தோருக்கு முறையான வாடகை உரிமை தர இணங்கியது. தாம் அச்சமின்றி வாழக்கூடிய இடங்கள் எவை என்று அக்குடும்பங்களே பட்டியல் கொடுத்தன. இந்த மக்கள் முதன்முதலாகத் தமக்காக நடத்திய வாக்கெடுப்பு அந்தப் பட்டியல்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1978 மே 4ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நாள். இனவாதக் கட்சியான தேசிய முன்னணியும் அந்தப் பகுதியில் வேட்பாளர்களை நிறுத்தியிருந்தது. அன்று மாலை, வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அல்தாப் அலி என்ற ஆடைத் தொழிலாளி வைட்சப்பலில் குத்திக் கொல்லப்பட்டார். வயது இருபத்தைந்தைத் தாண்டாதவர். பத்து நாட்களின் பின் ஏறக்குறைய ஏழாயிரம் பேர் அவரது சந்தூக்கின் பின்னால் பிரதமரின் வாசஸ்தலம்வரை மழையில் நடந்தார்கள். அவர் விழுந்த இடத்தருகே இருந்த பூங்கா 1998இல் அவர் பெயரைப் பெற்றது. அந்த ஊர்வலத்தில் நடந்த இளைஞர்களே அடுத்த இருபது ஆண்டுகளின் அரசியலை நடத்தினார்கள். தந்தையர் டாக்காவின் அரசியலைப் பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் டவர் ஹம்லெட்ஸ் சபையின் நிகழ்ச்சி நிரலை வாசிக்கத் தொடங்கினார்கள். (1965இல் ஸ்டெப்னி, பொப்லர், பெத்னல் கிரீன் மூன்றும் இணைந்து உருவான பரோ இது.)

1982இல் தொழிற்கட்சி வழமைபோல நடந்துகொள்ள, நூருல் ஹக் சுயேச்சையாக நின்று ஸ்பிட்டல்பீல்ட்ஸை வென்றார். கட்சிச் சின்னமில்லாத ஒரு வங்காளி, தொழிற்கட்சியின் கோட்டைக்குள். பிராட்டினுக்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே வட்டாரம் அதே பாடத்தை அதே கட்சிக்குக் கற்பித்தது. கட்சியும் விரைவாகவே கற்றுக்கொண்டது: 1986 தேர்தலில் தொழிற்கட்சியே வங்காளி வேட்பாளர்களை நிறுத்தியது.

ஆனால் அந்த 1986இல் பரோவின் ஆட்சி லிபரல்களிடம் போனது. அவர்கள் சபையை ஏழு அயலகங்களாகப் பிரித்து அதிகாரத்தைப் பகிர்ந்தார்கள். கேட்க இனிமையான ஏற்பாடு. நடைமுறையில், அயலகத்தின் பெரும்பான்மையே வீட்டைப் பங்கிட்டது. ‘மண்ணின் மைந்தருக்கும் மகள்மாருக்கும்’ வீட்டில் முதலிடம் என்ற திட்டம் வந்தது. பெற்றோர் அங்கே நெடுங்காலமாக வாழ்ந்திருந்தால்தானே பிள்ளைக்கு முதலிடம்? வங்காளிகள் தாமாகவே பின்னுக்குப் போனார்கள். வீட்டை இப்படி இனத்தின் கணக்கில் பேசப் பழக்கியதன் விளைவை 1993 செப்டெம்பர் 16ஆம் திகதி பரோவின் தெற்கே மில்வோல் வட்டார இடைத்தேர்தலில் எல்லோரும் கண்டார்கள். பிரித்தானிய தேசியக் கட்சியின் டெரெக் பீக்கன் 7 வாக்குகளால் வென்றார். எட்டே மாதங்களில், 1994 மேயில், அவர் தோற்கடிக்கப்பட்டார். தொழிற்கட்சி பரோவை மீட்டது. வீட்டில் பெண்களையும் முதியவர்களையும் வாக்காளர் இடாப்பில் பதிவுசெய்யும் வேலையை வங்காளிச் சங்கங்கள் கருத்தூன்றிச் செய்தது அந்த அச்சத்தின் பயனே.

2002இல் எல்லைகள் திருத்தப்பட்டபோது வட்டாரத்தின் பெயர் ‘ஸ்பிட்டல்பீல்ட்ஸ் மற்றும் பங்களாடவுன்’ ஆனது. எதிர்ப்பும் இருந்தது. அடுத்த ஆண்டு மொனிக்கா அலியின் நாவல் அந்தத் தெருவின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது. 2006இல் அது படமாக்கப்பட்டபோது தெருவாசிகளில் ஒரு பகுதியினர் மறியல் செய்தார்கள். நாவலைக் குறித்து நமது வட்டங்களிலும் வேண்டியமட்டும் பேசியாகிவிட்டது.

2002இல் அந்தப் புதிய பெயருடைய வட்டாரத்திலிருந்து தொழிற்கட்சி உறுப்பினராகச் சபைக்கு வந்தவர்களில் ஒருவர் லுத்புர் ரஹ்மான் என்ற சட்டத்தரணி. ஈராக் போர் தொழிற்கட்சிக்கும் முஸ்லிம்களுக்குமிடையே கோடு கிழித்தது. 2005இல் ஜோர்ஜ் கலவேயின் ரெஸ்பெக்ட் கட்சி 823 வாக்குகளால் ஊனா கிங்கைத் தோற்கடித்து பெத்னல் கிரீன் தொகுதியை எடுத்தது. ரஹ்மான் கட்சியை விட்டுப் போகவில்லை. 2008இல் சபைத் தலைவரானார். 2010இல், மக்களால் நேரடியாகத் தெரிவுசெய்யப்படும் மேயர் பதவி சர்வஜன வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டது. ரஹ்மானைக் கட்சி உறுப்பினர்கள் வேட்பாளராகத் தெரிவுசெய்ய, மேலிடம் அவரை நீக்கிவிட்டு ஹெலால் அப்பாஸை நிறுத்தியது. ரஹ்மான் சுயேச்சையாக நின்றார். ஒக்டோபர் 21ஆம் திகதி முதல் எண்ணிக்கையிலேயே பாதிக்கு மேற்பட்ட வாக்குகளுடன் வென்றார்.

அவர் விட்டுச் சென்ற வட்டார ஆசனத்துக்கு டிசம்பரில் இடைத்தேர்தல். ரெஸ்பெக்ட் கட்சியின் பஸல் மியா வென்றார். 2012 ஏப்ரலில் இன்னோர் ஆசனம் வெற்றிடமாகி மீண்டும் இடைத்தேர்தல். மேயரின் ஆதரவு பெற்ற சுயேச்சை குலாம் ரப்பானி 43 வாக்குகளால் தொழிற்கட்சியை முந்தினார். இம்முறை இரு பக்கத்திலும் வங்காளிகளே இருந்தார்கள். இதை மதத்தின் வாக்கு என்று சொன்ன லண்டன் பத்திரிகைகள், இரு வேட்பாளருமே முஸ்லிம்கள் என்பதை எந்தக் கணக்கில் சேர்த்தன என்று தெரியவில்லை.

2014 மே மாதம் ரஹ்மான் தொழிற்கட்சியின் ஜோன் பிக்ஸை மூவாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் வென்று மீண்டும் மேயரானார். வட்டாரத்தின் ஆசனங்கள் புதிய எல்லைப்படி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்திருந்தன. இரண்டையும் அவரது கட்சியே எடுத்தது. நான்கு வாக்காளர்கள் மனுத் தாக்கல் செய்தார்கள். 2015 ஏப்ரல் 23ஆம் திகதி தேர்தல் நீதிமன்றத்தில் ரிச்சர்ட் மோரி அந்த மேயர் தேர்தலைச் செல்லாததாக்கி, ரஹ்மான் ஐந்தாண்டுகள் போட்டியிடத் தடை விதித்தார். ஆள்மாறாட்டம், தபால் வாக்கு மோசடி, மானியங்களை வாக்குக்கு விலையாகக் கொடுத்தது, எதிர் வேட்பாளர் மீது பொய் சுமத்தியது என்று நீண்ட பட்டியல். பின்னர் பொலிஸார் விசாரித்து, குற்றவியல் வழக்குத் தொடரச் சான்று போதாது என 2018இல் அறிவித்தார்கள். என்றாலும் அந்தத் தீர்ப்பின் பல பக்கங்களை ‘நம்மவர்’ என்பதற்காகத் தள்ளிவிட நான் தயாரில்லை. பொதுப் பணத்தை வேண்டியவர்களுக்குப் பங்கிடுவது என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பட்டியலில் இருந்த ஒரு குற்றம் தனித்து நின்று யோசிக்க வைக்கிறது. தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன் 101 இமாம்களும் ஆலிம்களும் ஒப்பமிட்ட கடிதம் ஒரு வங்காளப் பத்திரிகையில் வெளிவந்தது, ரஹ்மானை ஆதரிக்கும்படி. இது ‘முறையற்ற ஆன்மிகச் செல்வாக்கு’ என்று நீதிபதி தீர்த்தார். இந்தச் சட்டத்தின் வேர் 1883ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அன்று குறி வைக்கப்பட்டவர்கள் ஐரிஷ் கத்தோலிக்கக் குருமார். 1892இல் மீத் மாவட்டத்தின் இரு தொகுதிகளிலும் ஆயரின் மடல் காரணமாகத் தேர்தல்கள் ரத்தாயின. அதன் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தூங்கிக் கிடந்த விதி, பிரிக் லேனில் விழித்துக்கொண்டது. நன்கு படித்த, அரசியல் தெரிந்த சமூகத்துக்கும், மரபில் ஊறி மார்க்க அறிஞரை மதிக்கும் சமூகத்துக்கும் வேறுபாடு காண வேண்டும் என்பது நீதிபதியின் நியாயம். அதாவது, ஆங்கிலிக்கப் பேராயர் அரசியல் பேசினால் அது கருத்து. மௌலவி பேசினால் அது அச்சுறுத்தல். அன்றைய ஐரிஷ் விவசாயியைப் பற்றிப் பேசப்பட்ட அதே தொனி. இமாம்கள் கட்சிக் கடிதத்தில் ஒப்பமிடலாமா என்பது நாம் நமக்குள் கேட்க வேண்டிய கேள்வி, அதில் எனக்கும் தயக்கமுண்டு. வாக்காளனுக்குச் சொந்தப் புத்தி இல்லை என்பது வேறு கேள்வி. தானே பட்டியல் எழுதிய மக்களைப் பற்றியது அது. 2022ஆம் ஆண்டின் தேர்தல் சட்டமும் ஆன்மிக அழுத்தம் என்ற குற்றத்தைப் புதுச் சொற்களில் தக்கவைத்துக்கொண்டது.

2015 ஜூனில் பிக்ஸ் மேயரானார். 2018இல் வட்டாரமும் தொழிற்கட்சியிடம் திரும்பியது. ஆனால் இதற்குள் வட்டாரமே கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. பக்கத்தில் லண்டன் வங்கிகளின் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்து, பிரிக் லேன் வீடுகளின் வாடகையைத் தம்மோடு தூக்கிக்கொண்டு போயின. ஹியூகெனோ நெசவாளரின் வீடுகள் செல்வந்தரின் மாளிகைகளாயின. 2021இல் அத்தெருவின் பழைய ட்ருமன் மதுவடிசாலை வளாகத்தில் அங்காடியும் அலுவலகங்களும் கட்டும் திட்டம் சபைக்கு வந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபக் கடிதங்கள் குவிந்தன. முதற் கூட்டத்துக்கு வராதவர்கள் அடுத்த கூட்டத்தில் வாக்களிக்கக் கூடாது என்று சபையின் நிலையியற் கட்டளை சொன்னதால், செப்டெம்பரில் தீர்மானித்தவர்கள் மூன்றே மூன்று உறுப்பினர்கள். இரண்டுக்கு ஒன்று என்று திட்டம் நிறைவேறியது.

2022 மேயில் ரஹ்மான் ‘அஸ்பயர்’ என்ற புதிய கட்சியோடு மீண்டும் மேயரானார். 45 ஆசனங்களில் 24 அக்கட்சிக்கு. ஸ்பிட்டல்பீல்ட்ஸின் இரண்டும் அதற்குள் அடக்கம். இரண்டு ஆண்டுகளின் பின் மத்திய அரசு சபையைக் கண்காணிக்கத் தன் தூதர்களை அனுப்ப முடிவெடுத்தது. மூன்று பேர் வாக்களித்த அந்தத் தீர்மானம் சரியா என்ற வழக்கு உயர்ந்த நீதிமன்றம்வரை போய், 2025இல் தள்ளுபடியானது. தீர்ப்பு வந்தபோது அந்த மூவரைத் தந்த சபை கலைந்து மூன்றாண்டுகளாகியிருந்தன.